சாதி, மதம், இட ஒதுக்கீடு பற்றிப் பேசுவது எப்படி? புதுச்சேரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் படிக்க, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய, சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்க என்று வருடா வருடம் மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கோவையிலிருந்தும் பலர் இங்கே குடிவருகிறார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். சாதி, மதம், இட ஒதுக்கீடு, வட மாநிலத் தொழிலாளர்கள் பற்றியெல்லாம் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் ‘சாதி வெறியன்’, ‘மத வெறியன்’ என்று பெயர் வந்துவிடும் என்ற முடிவு.

இந்த மௌனம் நல்லதில்லை. அலுவலகத்தில் வாயை மூடிக்கொள்பவர், அறைக்குத் திரும்பியதும் தன்னைப் போலவே நினைக்கிற நாலு பேரிடம் அதையே பேசத்தான் செய்கிறார். அங்கே மறுத்துச் சொல்ல ஆளில்லை. தப்பான தகவல் தப்பாகவே தங்கிப்போகிறது, அரைகுறைக் கோபம் முழுக் கோபமாகிறது. பிறகு என்றைக்காவது ஒரு நாள், வேண்டாத இடத்தில், வேண்டாத வார்த்தையோடு வெளியே வருகிறது. அதனால் பேசுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனதில் இருப்பதை மறைத்து நாசூக்காகப் பேசப் பழக்குவது இந்தக் கட்டுரையின் வேலையில்லை. ஒரு கூட்டத்தார் மீது உண்மையிலேயே இளக்காரம் இருந்தால், எந்தச் சொல்லைப் போட்டு மூடினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். யாரையும் மட்டம் தட்ட எண்ணமில்லை, விஷயத்தைப் பேச வேண்டும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ் பேசுகிற ஊர்தானே என்று தமிழ்நாட்டுக் கணக்கை அப்படியே கொண்டுவந்து இங்கே வைப்பதுதான் புதியவர்கள் முதலில் இடறும் இடம். 69 சதவீத இட ஒதுக்கீடு தமிழ்நாட்டின் சட்டம். அது புதுச்சேரிக்குப் பொருந்தாது. இங்கே பிரிவுகளும் வேறு, பங்கும் வேறு. அட்டவணை சாதிகளின் பட்டியல் 1964இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையில் தனியாக இருக்கிறது. இருளர்கள் இங்கே பழங்குடிகளாக அங்கீகரிக்கப்பட்டதே 2016இல்தான். அதுவரை, திண்டிவனம் பக்கத்து இருளருக்குக் கிடைத்த பழங்குடிச் சான்று, எல்லை தாண்டி வில்லியனூர் பக்கத்து இருளருக்குக் கிடைக்காது. தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த அட்டவணை இனத்தவருக்கு இங்கே ஒதுக்கீடு உண்டா என்பது உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. இது எதுவும் தெரியாமல் டீக்கடையில் உட்கார்ந்து ‘இங்க எல்லாத்தையும் அவங்களே அள்ளிட்டுப் போறாங்க’ என்றால், பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் தகவல் பிழை கண்ணில் படாது. உங்கள் எரிச்சல்தான் படும்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களைப் பற்றிய பேச்சும் இதே ரகம்தான். இங்கே ‘சொல்தா வீடு’ என்று ஒரு பேச்சு உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்களைச் சொல்வது. ‘ஒண்ணும் பண்ணாம பிரான்ஸ் காசு வருது’ என்று புதியவர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போய்ச் சண்டை போட்டதற்கு வரும் ஓய்வூதியம் அது. புதுச்சேரி 1954 நவம்பர் 1இல் இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. அப்போது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று ஒப்பந்தம் வாய்ப்புக் கொடுத்தது. சிலர் எழுதிக்கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. இதில் பொறாமைப்படவோ கேலி பேசவோ என்ன இருக்கிறது?

‘பாண்டின்னாலே சரக்குதானே’ என்பதை மட்டும் வந்த முதல் நாளே விட்டுவிடுங்கள். வார இறுதியில் வெளியூர்க் கார்கள் நடுத்தெருவில் நின்று செய்யும் அட்டகாசத்தைச் சகித்துக்கொண்டு குடியிருப்பவர்களிடம் போய் நீங்கள் சொல்கிற நகைச்சுவை அது.

எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று பிரித்துப் பாருங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். பேச்சு பெரும்பாலும் மூன்றில் ஒன்றைப் பற்றியதாக இருக்கும்: ஒரு விதி, ஒரு சம்பவம், அல்லது சாதி, மதம், ஊர் என்று ஒரு கூட்டத்தார். விதியைப் பற்றி எவ்வளவு கடுமையாகவும் பேசலாம். சம்பவத்தைப் பற்றித் தெரிந்த அளவுக்குப் பேசலாம். கூட்டத்தைப் பற்றிப் பேசும்போதுதான் முத்திரை விழுகிறது, பல நேரம் நியாயமாகவே விழுகிறது. விதியில் தொடங்கிய பேச்சு நமக்கே தெரியாமல் கூட்டத்துக்குத் தாவிவிடுவதுதான் சிக்கல்.

இட ஒதுக்கீட்டையே எடுத்துக்கொள்வோம். ‘வருமான வரம்பு எல்லாப் பிரிவுக்கும் வேண்டுமா?’ என்பது விதி பற்றிய கேள்வி. நீதிபதிகளே இதில் ஒரே கருத்தில் இல்லை. அட்டவணை சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு தரலாம் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னபோது, வசதியானவர்களை விலக்குவது பற்றியும் அவர்களில் சிலர் தங்கள் கருத்தை எழுதினார்கள். ஆக, நீங்களும் தாராளமாகக் கருத்துச் சொல்லலாம். ‘அவங்க மார்க் இல்லாமலே உள்ள வந்துடறாங்க’ என்பது வேறு. அங்கே நீங்கள் விதியை விட்டுவிட்டீர்கள், எதிர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பையனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். அவன் எவ்வளவு மதிப்பெண் வாங்கினான் என்று உங்களுக்குத் தெரியாது.

கையில் சரியான தகவலும் வேண்டும். மத்திய அரசு நிறுவனங்களில் அட்டவணை சாதிகளுக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27. இந்தக் கடைசிப் பிரிவில் வருமான வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம். வேறு எந்த ஒதுக்கீட்டிலும் வராத சாதிகளின் ஏழைகளுக்கு 2019 முதல் 10 சதவீதம் உண்டு. ‘முன்னேறிய சாதியில் பிறந்த ஏழைக்கு எதுவுமே இல்லை’ என்ற வாதம் 2018வரை விவாதம். இப்போது அதைச் சொன்னால் செய்தித்தாள் படிக்காதவர் என்றுதான் நினைப்பார்கள்.

ஜிப்மரில் புதுச்சேரி மாணவர்களுக்கென்று தனி இடங்கள் உண்டு. அந்த இடத்தில் சேர்ந்த மாணவரை யாரும் ‘கோட்டா’ என்று கூப்பிடுவதில்லை. அவர் பார்க்கும் நோயாளிக்குப் பயமும் வருவதில்லை. ஊரை வைத்துக் கொடுத்தால் உரிமை, சாதியை வைத்துக் கொடுத்தால் தகுதிக் குறைவு என்று நமக்குள் எங்கோ பதிந்திருக்கிறது. இட ஒதுக்கீட்டை எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்துக்கு நேர்மையாகப் பதில் யோசித்துவிட்டுப் பேசினால், அவர்கள் வாதத்துக்கே பலம் கூடும்.

வீடு தேடும்போது தொடங்குகிறது பாடம்

இந்த விஷயங்கள் புத்தகத்தில் இருப்பவை, நமக்கு எங்கே வரப்போகின்றன என்று நினைப்பவர்களுக்கு, வாடகை வீடு பார்க்கும் முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிடும். லாஸ்பேட்டையோ ரெட்டியார்பாளையமோ முத்தியால்பேட்டையோ, சில வீட்டுக்காரர்கள் வாடகை சொல்வதற்கு முன்னால் ‘சொந்த ஊரு எது?’ என்பார்கள். அப்புறம் ‘ஊர்ல எந்தப் பக்கம்?’, ‘எந்தத் தெரு?’, ‘கறி மீன் சமைப்பீங்களா?’, ‘குலதெய்வம் எந்தக் கோயில்?’ என்று கேள்வி ஒவ்வொரு படியாக இறங்கும். நேரடியாகச் சாதி கேட்பவர் குறைந்துவிட்டார், சுற்றிவந்து கேட்பவர் குறையவில்லை.

இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கோபப்படாமல் தாண்டிப் போக ஒரு வழி: ‘அது எதுக்குங்க? வேலை பாக்கிற இடத்தோட அடையாள அட்டை தர்றேன், அட்வான்ஸ் தர்றேன், வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடும்.’ இதற்குப் பிறகும் விடாமல் கேட்பவர் வீட்டில் குடியிருப்பது உங்களுக்கு நிம்மதியாக இருக்குமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த அனுபவம் சாதியைப் பற்றிப் பேச ஒரு நல்ல தொடக்கம், ஏனென்றால் இதில் நீங்கள் நேரடி சாட்சி. ஆனால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இந்த ஊர்க்காரங்களே சாதி பாக்கிறவங்க’ என்றால், எதிரே இருக்கும் உள்ளூர்க்காரர் உடனே தன் ஊருக்கு வக்கீலாகிவிடுவார். ‘போன வாரம் வீடு பார்க்கப் போனேன். இப்படிக் கேட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இங்கே இது வழக்கமா?’ என்று சொன்னால் அவரே நாலு கதை சொல்வார். சில நேரம் தன் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டபோது தானும் அப்படிக் கேட்டதை ஒப்புக்கொள்வார். எனக்குத் தெரிந்தவரை சாதியைப் பற்றிய உருப்படியான பேச்சு இந்த ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது, ஒருவருக்கு ஒரு நாள் நடந்ததிலிருந்து.

சரி, இதே கேள்விகளை நீங்கள் கேட்காதீர்கள். சில மாவட்டங்களில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்பது சகஜமாக இருக்கலாம். ‘எங்க ஊர்ல இதெல்லாம் தப்பில்லை’ என்று விளக்கம் சொல்வதால் கேட்கப்பட்டவரின் சங்கடம் குறையாது. தன் சாதியை வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதும் அப்படித்தான். சொல்ல முடிகிறவர் வேடிக்கையாகச் சொல்கிறார். சொன்னால் தட்டு தனியாகப் போய்விடும் என்ற பயத்தோடு ஒருவர் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

சம்பவத்தைச் சொன்னால் முழுதாகச் சொல்லுங்கள்

ஒரு திருட்டு, ஒரு வெட்டுக்குத்து, ஒரு விபத்து. செய்தவரின் மதமோ ஊரோ சாதியோ அந்தக் குற்றத்துக்குக் காரணம் இல்லையென்றால் அதைச் சேர்த்துச் சொல்லாதீர்கள். ‘ஒரு பீகார்க்காரன் செல்போன் திருடிட்டான்’ என்று சொல்பவர், நம்மூர்க்காரர் திருடினால் ‘ஒரு தமிழன் திருடிட்டான்’ என்று சொல்வதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். சாதிதான் காரணம் என்றால் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் ஓர் இளம் தம்பதிக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள். மாப்பிள்ளை தலித். பெண் வேறு சாதி. கொலையில் அவளுடைய அப்பாவும் அண்ணனும் இருந்தார்கள். வழக்கைப் போலீஸ் நடத்திய விதம் சரியில்லை என்று சி.பி.ஐ.க்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது, அவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. மேல்முறையீடுகள் உச்ச நீதிமன்றத்தில் முடிய 2025 ஏப்ரல் ஆனது. இதைப் பற்றிப் பேசும்போது ‘காதல் தகராறு’, ‘குடும்பப் பிரச்சினை’ என்று மெழுகுவது நடுநிலை ஆகாது, அது நடந்ததை மறைப்பது. ஆணவக் கொலை என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். அதைச் சொன்ன வாயாலேயே ‘அந்தச் சாதிக்காரங்களே அப்படித்தான்’ என்றும் சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணும் அதே சாதிதான்.

பழைய வரலாற்றுக்கும் இதுதான். 1748இல், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே ஆட்சியில், இங்கே இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. துய்ப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை மனம் நொந்து தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தேவாலயத்துக்குள்ளேயே சாதி பார்த்துச் சுவர் வைத்துப் பிரித்திருந்ததும் அதே நாட்குறிப்பில் இருக்கிறது. இரண்டுமே உண்மை, இரண்டையும் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை சம்பா கோவில் என்கிற தேவாலயத்துக்குப் போய்விட்டு வரும் பக்கத்து வீட்டு ஆயாவிடம் 1748க்குக் கணக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு சமூகம் ஒரே குரலில் பேசாது

‘மீனவர்கள் என்ன நினைக்கிறார்கள்?’ என்று யாராவது கேட்டால், எந்த ஊர் மீனவர், எந்த வலை போடுகிறவர் என்று திருப்பிக் கேளுங்கள். மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலை விவகாரம் ஒரு நல்ல உதாரணம். அந்த வலையைத் தமிழ்நாடு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. ஆனாலும் கடலூர்த் தேவனாம்பட்டினம் தொடங்கிப் பல ஊர்களில் கடன் வாங்கி அதில் பணம் போட்டவர்கள் இருக்கிறார்கள். மீன்வளம் மொத்தமாக அள்ளப்பட்டுவிடும், சிறு படகுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று எதிர்ப்பவர்களும் மீனவர்கள்தான். 2021 ஆகஸ்டில் இந்த வலைக்காகவே புதுச்சேரியின் மீனவ ஊர்களான வீராம்பட்டினத்துக்காரர்களும் நல்லவாட்டுக்காரர்களும் கடலில் மோதிக்கொண்டார்கள். போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. காலையில் இருட்டோடு கிளம்பி எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த நேரக்கணக்கே ஒரு பெரிய விவாதம்.

இவ்வளவும் உள்ளே இருக்க, வெளியிலிருந்து வந்த ஒருவர் ‘குப்பத்துக்காரங்களே சண்டைக்காரங்க’ என்று ஒரு வரியில் முடித்தால் எவ்வளவு அநியாயம்! வலையைப் பற்றிக் கேட்டால், நேரம் போவது தெரியாமல் சொல்லித் தர அங்கே ஆளுண்டு.

பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஆரோவில்லும் அப்படித்தான். ‘வெள்ளைக்காரங்க ஊரு’ என்று சுருக்கிவிட முடியாது. பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, இந்தியர்களும் நிறையப் பேர் வாழ்கிறார்கள். 2021 டிசம்பரில் சாலைக்காக மரங்களை வெட்டியபோது, வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் உள்ளேயே இருந்தார்கள்.

இதிலிருந்து இன்னொரு பழக்கமும் வர வேண்டும். உங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு முஸ்லிம், ஒரே ஒரு தலித், ஒரே ஒரு திருநங்கை இருந்தால், செய்தி வரும்போதெல்லாம் அவர் பக்கம் திரும்பி ‘நீங்க இதுக்கு என்ன சொல்றீங்க?’ என்று கேட்காதீர்கள். அவர் கணக்கெழுத வந்தவர், தன் சமூகத்தின் பிரதிநிதியாக யாரும் அவரை அனுப்பவில்லை. பழகிய பிறகு, தனியாக இருக்கும்போது, ‘ஒண்ணு கேக்கலாமா? சொல்ல வேணாம்னு தோணினா விட்டுடுங்க’ என்று தொடங்கலாம். விட்டுவிட்டால் நீங்களும் விட்டுவிடுங்கள்.

சொற்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள். சிலர் தலித் என்பார்கள், சிலர் ஆதிதிராவிடர் என்பார்கள், சிலருக்கு எதுவுமே வேண்டாம். வட மாநிலத் தொழிலாளர்களை ‘வடக்கன்’ என்று கூப்பிட்டுவிட்டுக் கூலி பற்றி நியாயம் பேசினால் எடுபடாது. திருநங்கை, மாற்றுத்திறனாளி என்ற சொற்கள் எல்லோருக்கும் பழகிவிட்டன, பழைய சொற்களுக்குத் திரும்ப ஒரு காரணமும் இல்லை. தலித் மக்கள் குடியிருப்பை ஒதுக்கிச் சொல்லும் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். தெருவைத் தெருவின் பெயரால் சொல்லுங்கள், போதும்.

எங்கே, யாரோடு

முதல் பேச்சை ஒருவரோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாரும் மனதை மாற்றிக்கொள்வதில்லை. தோற்றதாகத் தெரிந்துவிடுமோ என்ற பயம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து தெற்கே துய்ப்ளே சிலை வரை பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டே பேசினால், முகத்துக்கு முகம் பார்த்து மோதும் இறுக்கம் இருக்காது. குடித்துக்கொண்டு இந்த விஷயங்களைப் பேசவே பேசாதீர்கள்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழு இதற்கு ஆகாத இடம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. எங்கெங்கோ நடந்ததை எல்லாம் இங்கே நடந்ததாகச் சொன்னார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்க்க வேண்டிவந்தது. அனுப்பியவர்களில் எத்தனை பேர் கெட்ட எண்ணத்தோடு அனுப்பியிருப்பார்கள்? ‘எதுக்கும் தெரிஞ்சுக்கட்டும்’ என்று அனுப்பியவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். சமூகங்களுக்கு இடையே பகையைத் தூண்டும் பேச்சுக்கும் எழுத்துக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 196ஆம் பிரிவு இருக்கிறது. மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதற்கு 299ஆம் பிரிவு. நீங்கள் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்பது காவல் நிலையத்தில் நல்ல பதிலாக இருக்காது.

‘நீங்க பேசுறது சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால்

இது நடக்கும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றாவது நடக்கும்.

உடனே விளக்கம் கொடுக்கத் தொடங்காதீர்கள். ‘எனக்கு முஸ்லிம் நண்பர்கள் இருக்காங்க’, ‘எங்க வீட்ல எல்லா சாதிக்காரங்களும் சாப்பிடுவாங்க’ இரண்டும் வாய்க்குத் தானாக வரும் வரிகள், இரண்டுமே கேட்பவரை இன்னும் எரிச்சலாக்கும். ‘எந்த வார்த்தை தப்பா இருந்துது?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை நடுவில் வெட்டாமல் கேளுங்கள். அந்த வார்த்தை தப்பு என்று பட்டால் அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேளுங்கள். கருத்தில் இன்னும் உறுதியாக இருந்தால், அந்த வார்த்தையை எடுத்துவிட்டுக் கருத்தை மறுபடி சொல்லுங்கள். ‘வேலை எல்லாம் வெளியூர்க்காரங்களுக்கே போகுதுன்னு நான் சொன்னது அவங்க மேல கோபத்துல இல்ல. குறைஞ்ச கூலிக்கு ஆள் கிடைச்சா கம்பெனி இங்க இருக்கிறவங்களை எடுக்க மாட்டேங்குது, அதைத்தான் சொல்றேன்.’ முதலில் கோபம் தொழிலாளி மேல் இருந்ததாகத் தெரிந்தது, இப்போது அது முதலாளி மேல், கூலி மேல். இதற்கு மேல் விவாதம் நடக்கலாம்.

அநியாயமாகவும் முத்திரை குத்துவார்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கோயில் அறக்கட்டளையின் கணக்கைக் கேட்டால் ‘மத விரோதி’. தேவாலய நிலத்தைப் பற்றிக் கேட்டால் அதே பதில். சாதிச் சங்கத்தின் வசூலைக் கேட்டால் ‘இனத் துரோகி’. சிதம்பரம் நடராசர் கோயிலில் சன்னதிக்கு முன்னால் இருக்கும் கனகசபை மேடை விவகாரத்தில் இதை நன்றாகவே பார்த்தோம். 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கோயில் நிர்வாகம் அங்கே பரம்பரையாகப் பூசை செய்யும் தீட்சிதர்களுக்கே என்றது. 2022 மேயில் தமிழ்நாடு அரசு பக்தர்கள் கனகசபையில் ஏறி வழிபடலாம் என்று ஆணை போட்டது. தீட்சிதர்களின் உரிமையைப் பேசினவர்களுக்கெல்லாம் ‘சாதி வெறி’ என்றும், அரசாணையை ஆதரித்தவர்களுக்கெல்லாம் ‘இந்து விரோதம்’ என்றும் பெயர் வந்தது. இரு தரப்பிலும் சட்டத்தை மட்டும் பேசியவர்கள் இருந்தார்கள், அவர்கள் குரல்தான் கேட்கவில்லை.

அப்படி ஒரு முத்திரை உங்கள் மேல் விழுந்தால் ‘என்னை விடுங்க, நான் கேட்ட கணக்குக்குப் பதில் சொல்லுங்க’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். குரலை உயர்த்த வேண்டாம். பதில் இல்லையென்றால் சுற்றி இருப்பவர்களுக்கே புரிந்துவிடும். மறுநாள் அவரைப் பார்த்தால் வழக்கம் போல வணக்கம் சொல்லுங்கள், ஒரே தெருவில்தான் இருக்கப் போகிறீர்கள்.

பேச்சைத் தாண்டிப் போகும் இடம்

கடைசியாக, எல்லாமே கருத்து வேறுபாடு கிடையாது. அட்டவணை சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவரை, நாலு பேர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, அவமானப்படுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை தண்டனை உண்டு. விடுதி சாப்பாட்டுக்கூடமோ அலுவலக வராண்டாவோ, பிறர் பார்க்கிற மாதிரி இருந்தால் அங்கேயும் சட்டம் வரும். உங்கள் முன்னால் அது நடந்தால், ‘ரெண்டு பக்கமும் பேசித் தீத்துக்குங்க’ என்று பஞ்சாயத்து செய்யாதீர்கள். நேரம், இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்க விரும்பினால் காவல் நிலையத்துக்குக் கூடப் போங்கள், சாட்சி சொல்ல ஒத்துக்கொள்ளுங்கள். 14566 என்ற தேசிய உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம்.